விளையாட்டுக்கென்றே ஒரு நெட்வொர்க் கார்டு: கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டா?

இணைய விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொல் 'லேக்'. பொத்தானை அழுத்தியது ஒரு நேரம், திரையில் வீரன் சுட்டது ஒரு நேரம் என்று இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளிக்கு இளையோர் வைத்திருக்கும் பெயர் அது. அந்த இடைவெளியில் எதிரி முந்திக்கொள்கிறான். குழு தோற்கிறது, தரவரிசை இறங்குகிறது. அதன் பிறகு கடையிலோ நண்பர்களிடமோ கேட்ட ஆலோசனை ஒன்று வீட்டுக்குள் வருகிறது: "கேமிங் நெட்வொர்க் கார்டு ஒன்று வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்."

சில நூறு வெள்ளி சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் வீட்டில் வாக்குவாதம் எழுவது இயல்பு. "விளையாட்டுக்கு இவ்வளவு செலவா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். "இவர்களுக்கு ஒன்றுமே புரியவில்லை" என்று பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இதில் இரு தரப்பும் பாதி சரி, பாதி தவறு. தாமதம் பிள்ளையின் கற்பனை அல்ல. அது அளந்து பார்க்கக்கூடிய ஒன்று. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தத் தாமதம் பிறக்கும் இடம் வேறு, காசைக் கொண்டுபோய்ப் போடும் இடம் வேறு.

விளையாட்டுதானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2019-ஆம் ஆண்டு பிலிப்பீன்ஸ் சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டு முதன்முறையாகப் பதக்கப் பிரிவாக இடம்பெற்றது. 2023-இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அதற்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஆகவே, பிள்ளை கேட்கும் கேள்விக்கு முறையான பதில் சொல்வது நல்லது.

கார்டு செய்யும் வேலை என்ன?

கணினிக்கும் இணையக் கேபிளுக்கும் இடையே நிற்கும் வாசற்கதவு போன்றதுதான் நெட்வொர்க் கார்டு. கணினி அனுப்பும் தகவல்களைச் சிறு சிறு பொட்டலங்களாக வெளியே அனுப்புவதும், வெளியிலிருந்து வருவனவற்றை உள்ளே வாங்கிக் கொடுப்பதும் அதன் வேலை. முன்பெல்லாம் இதற்குத் தனிக் கார்டு வாங்கிக் கணினிக்குள் பொருத்த வேண்டும். பின்னாளில் இந்த வசதி மதர்போர்டிலேயே சேர்ந்து வரத் தொடங்கியது. இன்று கடைகளில் விற்கும் மேசைக் கணினிகளில் ஏறத்தாழ அனைத்திலும் கேபிள் செருகும் துளை ஏற்கனவே இருக்கிறது.

அப்படியிருக்க, விளையாட்டுக்கென்று தனியாக ஒன்று ஏன்? இதற்குப் பதில் சொல்ல 2006-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

ஆயிரம் ரிங்கிட் 'கில்லர்'

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஆஸ்டின் நகரில் இயங்கிய பிக்ஃபுட் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் 2006-இல் 'கில்லர் நிக்' என்ற கார்டை அறிமுகப்படுத்தியது. விலை சுமார் 280 அமெரிக்க டாலர். அன்றைய நாணய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய ஆயிரம் ரிங்கிட், சிங்கப்பூர் வெள்ளியில் நானூறுக்கும் மேல். சாதாரண நெட்வொர்க் கார்டு சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைத்த காலம் அது.

ஏன் அவ்வளவு விலை? அந்தக் கார்டு உண்மையில் ஒரு குட்டிக் கணினி. 400 மெகாஹெர்ட்ஸ் வேகச் செயலி, 64 மெகாபைட் நினைவகம், உள்ளே லினக்ஸ் இயங்குதளம் எல்லாம் அதற்குச் சொந்தமாக இருந்தன. விண்டோஸ் பல படிகளில் செய்யும் நெட்வொர்க் வேலையைக் கார்டே எடுத்துக்கொண்டு, விளையாட்டின் பொட்டலங்களை நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதுதான் விளம்பரம்.

இதில் பொய் எதுவும் இல்லை. அன்று பலரது கணினியில் ஒரே ஒரு கோர் கொண்ட செயலிதான் இருந்தது. படத்தை வரைவது, ஒலியை எழுப்புவது, இணையத்தைக் கவனிப்பது என எல்லாம் அதன் தலையில்தான். ஒரு சுமையைக் கார்டு வாங்கிக்கொண்டால் விளையாட்டுக்குச் சற்று மூச்சு விட இடம் கிடைத்தது. அக்காலத்தில் கார்டைச் சோதித்துப் பார்த்த கணினி இதழ்கள் சில விளையாட்டுகளில் ஓரளவு முன்னேற்றத்தைக் கண்டன. பலவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. இந்த விலைக்கு இது தகுமா என்ற கேள்வி அன்றே எழுந்தது.

பிறகு காலம் மாறியது. அதே 2006-இல் இன்டெல்லின் கோர் 2 டுவோ செயலி வந்தது. ஒரு கோர் இரண்டாகி, நான்காகி, இன்று எட்டும் அதற்கு மேலும் என்று ஆகிவிட்டது. 2007 தொடக்கத்தில் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவில் நெட்வொர்க் பகுதியைப் புதிதாக எழுதினார்கள். கார்டு இறக்கி வைத்த சுமை, கணினிக்கே சுமையாகத் தெரியாத நிலை வந்தது.

அந்த நிறுவனத்தின் பிற்கால வரலாற்றிலும் இதற்குச் சான்று இருக்கிறது. 2011-இல் குவால்காம் ஏத்தரோஸ் நிறுவனம் பிக்ஃபுட்டை வாங்கியது. அதன் பிறகு 'கில்லர்' என்ற பெயர் தனிச் செயலி கொண்ட கார்டிலிருந்து விலகி, மதர்போர்டில் பொருத்தப்படும் சாதாரண நெட்வொர்க் சில்லுக்கும் அதனுடன் வரும் மென்பொருளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2014-இல் ரிவெட் நெட்வொர்க்ஸ் என்ற தனி நிறுவனம் அந்தப் பெயரை ஏற்றது. 2020 மே மாதத்தில் இன்டெல் அதையும் வாங்கிக்கொண்டது. ஆயிரம் ரிங்கிட் வன்பொருளாகப் பிறந்த ஒன்று, சில்லோடு இலவசமாக வரும் மென்பொருளாக முடிந்தது. தனிச் செயலி உண்மையிலேயே இன்றியமையாததாக இருந்திருந்தால் அதை யாரும் கைவிட்டிருக்க மாட்டார்கள்.

'வாங்கலாம்' கட்சியின் வாதம்

பட்டிமன்றத்தில் இரு அணிக்கும் பேச நேரம் கொடுப்பது மரபு. வாங்கலாம் என்போர் இன்றும் சொல்லும் வலுவான காரணம் ஒன்று உண்டு. விளையாட்டுப் பொட்டலத்துக்கு முன்னுரிமை என்பதே அது. கணினியில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் பெரிய கோப்பு பதிவிறங்கினால், கார்டோடு வரும் மென்பொருள் விளையாட்டை முன்னே அனுப்பி, பதிவிறக்கத்தை ஓரமாக நிறுத்தி வைக்கும்.

நல்ல வசதிதான். ஆனால் அது அந்த ஒரு கணினிக்குள் மட்டுமே செல்லுபடியாகும். பக்கத்து அறையில் அக்காள் காணொளி பதிவேற்றுகிறாள், கூடத்தில் அப்பா படம் பார்க்கிறார், அம்மா ஊரிலுள்ள சித்தியிடம் காணொளி அழைப்பில் பேசுகிறார் என்றால், அந்தப் பொட்டலங்கள் எதுவும் தம்பியின் கார்டு வழியாகப் போவதில்லை. எல்லாம் ரவுட்டரில்தான் ஒன்றுசேர்கின்றன. பொதுவழியில் நிற்கும் நெரிசலை ஒரு வீட்டின் வாசற்கதவு எப்படிக் கட்டுப்படுத்தும்? கணினியில் ஓடும் பதிவிறக்கத்தைத் தானே நிறுத்திவிட்டு விளையாடினால் அதே பலன் காசில்லாமல் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு வாதம், "ஒவ்வொரு மில்லி விநாடியும் முக்கியம்" என்பது. அதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் சரி.

மில்லி விநாடிக் கணக்கு

ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில்லி விநாடி. விளையாட்டில் 'பிங்' என்று காட்டப்படும் எண், ஒரு பொட்டலம் சர்வருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி பிடிக்கிறது என்பதைக் குறிக்கிறது.

கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதற்கு மேல் எந்தக் கார்டாலும் ஓட்ட முடியாது. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 300 கிலோமீட்டர். போய்வர 600. ஆக, குறைந்தது 3 மில்லி விநாடி. சிங்கப்பூரிலிருந்து தோக்கியோ ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர். போய்வரக் குறைந்தது 53 மில்லி விநாடி. லாஸ் ஏஞ்சலிஸ் 14,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 140 மில்லி விநாடிக்குக் குறையவே குறையாது. கேபிள்கள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் பல சந்திப்புகளும் உண்டு. எனவே நடைமுறையில் இந்த எண்கள் இன்னும் கூடும்.

இப்போது மற்ற இடங்களைப் பார்க்கலாம். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி விநாடி. சர்வர் விநாடிக்கு 64 முறை கணக்கெடுத்தால் ஒவ்வொரு கணக்குக்கும் நடுவே 15.6 மில்லி விநாடி. கூடத்துத் தொலைக்காட்சியில் கணினியை இணைத்து விளையாடினால், படத்தை அழகுபடுத்தத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளும் நேரம் சில சமயம் பல பத்து மில்லி விநாடிகள். இதைக் குறைக்கத் தொலைக்காட்சியின் அமைப்புப் பகுதியில் 'கேம் மோட்' என்ற தேர்வு இருக்கும். அதை இயக்கக் காசு தேவையில்லை.

இவற்றுக்கு நடுவே, இன்றைய கணினியில் நெட்வொர்க் கார்டும் இயங்குதளமும் சேர்ந்து ஒரு விளையாட்டுப் பொட்டலத்தைக் கையாள எடுக்கும் நேரம் பொதுவாக ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. அதை முழுவதுமாகத் துடைத்தெறிந்தாலும் மிச்சமாவது அந்த ஒரு மில்லி விநாடிக்குள்தான்.

ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். பாலத்தில் ஒன்றரை மணி நேர நெரிசல். வீட்டு வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில் இரண்டு விநாடியை மிச்சப்படுத்த ஒருவர் விலை உயர்ந்த செருப்பு வாங்கினால் வேலையிடத்துக்கு முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிடுவாரா? கேமிங் கார்டு அந்தச் செருப்பைப் போன்றது. அது தரமான பொருள்தான். ஆனால் நெரிசல் நிற்பது பாலத்தில்.

இத்தகைய கார்டுகளுக்கு உண்மையான தேவை உள்ள இடமும் ஒன்று உண்டு. பங்குச் சந்தையில் கணினிகளே தானாக வாங்கி விற்கும் அதிவேக வணிகத்தில், சந்தையின் சர்வர் இருக்கும் அதே கட்டடத்தில் நிறுவனங்கள் தங்கள் கணினியை வைக்கின்றன. அங்கே பயண தூரம் சில மீட்டர் மட்டுமே. மில்லி விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கும் அங்கே காசாகும். அதனால் சிறப்பு நெட்வொர்க் கார்டுக்குப் பெரும் பணம் கொடுக்கிறார்கள். சர்வர் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு தாமான் வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கடலுக்கடியில் நடந்தது

கில்லர் கார்டு விற்பனைக்கு வந்த அதே 2006-ஆம் ஆண்டின் கடைசியில் இந்த வட்டார இணையப் பயனீட்டாளர்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. டிசம்பர் 26-ஆம் தேதி தைவானின் தென்முனையில், ஹெங்சுன் அருகே கடலில் நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலுக்கடியில் போகும் பல தகவல் தொடர்பு கேபிள்கள் அறுந்தன. மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங் உட்பட ஆசியாவின் பல பகுதிகளில் இணையம் தவழ்ந்தது. கேபிள் கப்பல்கள் கடலுக்குப் போய் அறுந்த முனைகளைத் தூக்கி இணைக்கப் பல வாரங்கள் ஆயின.

அமெரிக்காவில் இருந்த சர்வர்களில் விளையாடியவர்களுக்கு அந்த வாரங்களில் எந்தக் கார்டும் உதவவில்லை. மாற்று வழியாகச் சுற்றிப் போன பொட்டலங்கள் சுற்றியே போயின.

அதற்குப் பின் நிலைமை மாறியிருப்பதற்குக் காரணம் கார்டுகள் அல்ல. விளையாட்டு நிறுவனங்கள் சர்வர்களை இந்த வட்டாரத்துக்கே கொண்டுவந்தன. டோட்டா 2, வெலரண்ட் போன்ற விளையாட்டுகளுக்குச் சிங்கப்பூரில் சர்வர்கள் உள்ளன. செம்புத் தொலைபேசிக் கம்பிக்குப் பதிலாக வீட்டு வாசல்வரை கண்ணாடி இழை வந்தது. மலேசியாவில் 2010-இல் யூனிஃபை சேவை தொடங்கியது. அதே ஆண்டில் சிங்கப்பூரிலும் நாடு தழுவிய கண்ணாடி இழைச் சேவை தொடங்கியது. பிங் எண்ணைப் பெருமளவு குறைத்தவை இவையே.

வீட்டுக்குள்ளே ஒரு வரிசை

சர்வர் பக்கத்தில், இணைப்போ கண்ணாடி இழை. அப்படியிருந்தும் மாலை ஏழு மணிக்கு மேல் விளையாட்டு திக்கித் திணறுகிறதே, ஏன்?

அமெரிக்கக் கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் தமது வீட்டிலேயே இந்தப் புதிரை ஆராய்ந்தார். பெரிய கோப்பை வெளியே அனுப்பும்போதெல்லாம் வீட்டு இணையம் முழுவதும் மந்தமாவதைக் கவனித்தார். மோடமும் ரவுட்டரும் பொட்டலங்களைத் தேக்கி வைக்க அளவுக்கு மீறிய இடம் வைத்திருப்பதே காரணம் என்று கண்டறிந்தார். இந்தக் கோளாறுக்கு அவர் வைத்த பெயர் 'பஃபர்புளோட்'. தேக்க வீக்கம் என்று தமிழில் சொல்லலாம்.

எளிய கணக்கு ஒன்று. ரவுட்டர் 256 கிலோபைட் அளவுக்குப் பொட்டலங்களை வரிசையில் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே அனுப்பும் வேகம் விநாடிக்கு 1 மெகாபிட். அந்த வரிசை முழுவதும் வெளியேற 2 விநாடி, அதாவது 2,000 மில்லி விநாடி ஆகும். பதிவேற்ற வேகம் 5 மெகாபிட் என்றாலும் 400 மில்லி விநாடி. விளையாட்டுப் பொட்டலம் அளவில் மிகச் சிறியது. ஆனாலும் அந்த வரிசையின் கடைசியில் போய்த்தான் நிற்க வேண்டும். பேரங்காடியில் ஒரே ஒரு ரொட்டியுடன் வந்தவர், மாதச் சாமான் முழுவதையும் தள்ளுவண்டியில் ஏற்றியவர்களுக்குப் பின்னால் நிற்பது போலத்தான் இது.

இதற்குத் தீர்வும் வந்துவிட்டது. கேத்லீன் நிக்கோல்ஸ், வேன் ஜேக்கப்சன் என்ற இருவர் 2012-இல் வரிசையை நீள விடாமல் ஒழுங்குபடுத்தும் முறை ஒன்றை வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த முறை 2018-இல் இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவும் பதிவானது. பல ரவுட்டர்களின் அமைப்புப் பகுதியில் 'கியூ.ஓ.எஸ்.' அல்லது 'எஸ்.கியூ.எம்.' என்ற பெயரில் இத்தகைய வசதி இருக்கும். இணைப்பின் உண்மையான பதிவேற்ற, பதிவிறக்க வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து அதில் பதிந்துவிட்டால், வரிசை மோடமில் தேங்காமல் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும்.

இதன் பலன் வீட்டிலுள்ள எல்லோருக்கும் போய்ச் சேரும் என்பதே முக்கியம். கார்டு ஒரு பிள்ளையின் கணினிக்கு மட்டும். ரவுட்டரைச் சீர்படுத்தினால் தம்பியின் விளையாட்டும் ஓடும், அக்காளின் இணைய வகுப்பும் உறையாது, அம்மாவின் காணொளி அழைப்பில் சித்தியின் முகமும் பாதியில் நிற்காது.

அடுத்த குற்றவாளி வைஃபை. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு என்று அத்தனை ரவுட்டர்களும் அதே அலைவரிசைகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மைக்ரோவேவ் அடுப்பும் குழப்பும். ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள் இழுத்தால் இந்தத் தொல்லைகள் எல்லாம் ஒருசேரத் தீர்ந்துவிடும். 'கேட் 5இ' வகைக் கேபிளே 100 மீட்டர் தூரத்துக்கு விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். அதைச் சுவரோரம் ஒட்டிக் கொண்டுபோக ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் போதும்.

கடைக்குப் போகுமுன் மூன்று சோதனைகள்

தாமதம் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கால் மணி நேரம் போதும்.

விண்டோஸ் தேடல் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். அதில் 'பிங்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ரவுட்டரின் எண் முகவரியைத் தட்ட வேண்டும். அந்த முகவரி ரவுட்டரின் அடியிலுள்ள ஒட்டுத்தாளில் இருக்கும். 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பது வழக்கம். நான்கு விடைகள் வரும். இது முதல் சோதனை.

இரண்டாவது சோதனையில், ரவுட்டர் முகவரிக்குப் பதிலாக வெளியிலுள்ள ஒரு சர்வரின் முகவரியைத் தட்ட வேண்டும். கூகல் நிறுவனத்தின் 8.8.8.8 என்ற எண் நினைவில் வைக்க எளிது. அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது சோதனையும் அதே எண்தான். ஆனால் இம்முறை கைத்தொலைபேசியிலிருந்து ஒரு நீளமான காணொளியைப் பதிவேற்றிக்கொண்டே பார்க்க வேண்டும்.

மூன்று எண்களையும் ஒரு தாளில் குறித்து வைத்தால் கதை தெளிவாகிவிடும்.

முதல் சோதனையிலேயே எண் கூடியும் குறைந்தும் தாவினால், வைஃபைதான் சிக்கல். கேபிள் போடுவதே மருந்து. கேபிள் வழியாக ஒரு மில்லி விநாடி அல்லது அதற்கும் கீழ் வருவதுதான் சரியான நிலை.

முதல் இரண்டும் நன்றாக இருந்து, மூன்றாவதில் மட்டும் எண் நூற்றுக்கணக்கில் ஏறினால், ரவுட்டரில் தேக்க வீக்கம். அமைப்பை மாற்ற வேண்டும். பழைய ரவுட்டரில் அந்த வசதி இல்லை என்றால், கார்டுக்கு வைத்திருந்த பணத்தை நல்ல ரவுட்டரில் போடுவது பயனுள்ள செலவு.

முதலாவது நன்றாக இருந்து, இரண்டாவது எப்போதும் அதிகமாகவே இருந்தால், தாமதம் வீட்டுக்கு வெளியே. இணையச் சேவை நிறுவனத்திடம் இந்த எண்களைக் காட்டிப் புகார் செய்யலாம். விளையாட்டின் அமைப்பில் தூர நாட்டுச் சர்வர் தேர்வாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றும் நன்றாக இருந்தும் விளையாட்டு திணறினால், பழுது இணையத்தில் இல்லை. படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு, நினைவகம், கணினிச் சூடு, தொலைக்காட்சி அமைப்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

இந்த நான்கு விடைகளில் எதிலாவது 'கேமிங் நெட்வொர்க் கார்டு வாங்குக' என்று வருகிறதா? வரவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

கார்டு தேவைப்படும் சந்தர்ப்பங்கள்

கார்டே வாங்கக்கூடாது என்று முடிவுகட்டவும் வேண்டாம். மின்னல் அதிகம் தாக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இடிமழையில் மோடமும் அதனுடன் இணைந்த மதர்போர்டுத் துளையும் கருகிப் போவது இங்கே புதிதல்ல. கேபிளை மாற்றிப் பார்த்தும், மென்பொருளைப் புதுப்பித்தும் முதல் சோதனை தோல்வியடைந்தால், துளை பழுதாகியிருக்கலாம். அப்போது ஒரு கார்டு தேவைதான். சாதாரண கிகாபிட் கார்டு போதும். விளையாட்டு அனுப்பி வாங்கும் தகவல் பெரும்பாலும் விநாடிக்கு 1 மெகாபிட்டுக்கும் குறைவு என்பதால், கிகாபிட் கார்டு அதற்குத் தாராளம்.

விநாடிக்கு 1 கிகாபிட்டுக்கு மேல் வேகமுள்ள இணையத் திட்டம் எடுத்திருப்பவர்கள் 2.5 கிகாபிட் கார்டு போடலாம். பெரிய விளையாட்டுகள் சீக்கிரம் பதிவிறங்கும். பிங் எண் அதனால் மாறாது. வேகம் என்பது சாலையின் அகலம், பிங் என்பது பயண நேரம். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதில்தான் பல விற்பனைகள் நடக்கின்றன.

புதுக் கணினி வாங்கும்போது மதர்போர்டிலேயே கேமிங் பெயர் பொறித்த நெட்வொர்க் சில்லு இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டிய அவசியம் இல்லை. அது சாதாரணச் சில்லு செய்யும் வேலையைச் செம்மையாகச் செய்யும். அந்தப் பெயருக்காகக் கூடுதலாகக் காசு கேட்டால் மட்டும் யோசிக்க வேண்டும்.

லோ யாட்டிலோ சிம் லிமிலோ கடைக்காரர் தனிக் கார்டைப் பரிந்துரைத்தால் அவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "இதைப் போட்டால் என் வீட்டு பிங் எத்தனையிலிருந்து எத்தனைக்கு இறங்கும்? இறங்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா?" கையில் மூன்று சோதனைகளின் எண்கள் இருந்தால், இந்தக் கேள்வியைக் கேட்கத் தயக்கம் இருக்காது.

பெற்றோர் இந்தச் சோதனையைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து செய்வது நல்லது. கறுப்புச் சாளரத்தில் என்ன தட்ட வேண்டும் என்பது பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரியும். வீட்டில் யார் எந்த நேரத்தில் இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் பழுது எங்கே என்று பிடிபடும். "உனக்கு லேக் என்பதெல்லாம் சாக்கு" என்று சொன்ன தகப்பன், 400 என்று எகிறும் எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மாட்டார். "கார்டு வாங்கினால்தான் சரியாகும்" என்று அடம்பிடித்த பிள்ளையும், ரவுட்டரில் ஓர் எண்ணை மாற்றியதும் அது 20-க்கு இறங்குவதைப் பார்த்தால் கடைக்குப் போகும் பேச்சை எடுக்க மாட்டான். மிச்சமான பணத்தில் ஒரு நல்ல கேபிளும், மின்னலைத் தாங்கும் மின்செருகிப் பலகையும் வாங்கிப் போட்டால், அடுத்த இடிமழைக்கும் வீடு தயாராக இருக்கும்.